கந்தையானாலும் கசக்கிக் கட்டு: ஜாலான் டோபியும் நுண்ணிழைத் துண்டும்



'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழியை நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். பொருள் எழுதச் சொல்கிறோம். ஏற்ற சூழலை அமைக்கச் சொல்கிறோம். ஆயினும், கசக்குவதற்கென ஒரு முறை உண்டு என்பதையும், அம்முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மக்கள் உண்டு என்பதையும் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துவிடுகிறோம். அந்த மக்களைப் பற்றியும் அவர்தம் அறிவைப் பற்றியும் எழுதுவதே என் நோக்கம்.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மகிழுந்தைத் துடைக்கப் பயன்படும் நுண்ணிழைத் துண்டு! 'மைக்ரோஃபைபர்' என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். ஜொகூர் பாருவில் மகிழுந்து கழுவும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வார இறுதியில் பாலத்தைக் கடந்து வரும் சிங்கப்பூர் வண்டிகளும் அங்கே வரிசை பிடிக்கின்றன. அக்கடைகளில் கொடிகளில் தொங்கும் நீலத் துண்டுகளையும் மஞ்சள் துண்டுகளையும் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்வகைத் துண்டின் ஓரத்தில் தைத்துள்ள சீட்டில் பெரும்பாலும் நான்கைந்து கட்டளைகள் இருக்கும். தனியாகத் துவைக்க வேண்டும். வெளுப்பான் கூடாது. மென்மையூட்டி சேர்க்கக் கூடாது. மிகுந்த சூடு ஆகாது.

இவை ஏதோ புதிய அறிவியல் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், ஒரு துணியைத் துவைப்பதற்கு முன் அது எத்தகைய துணி என்று அறிய வேண்டும் என்பது நம் வண்ணார் பெருமக்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வந்த முதல் பாடம்.

ஒரு தெருவின் பெயர்

ஜொகூர் பாருவின் பழைய நகர்ப்பகுதியில், ஜாலான் தான் ஹியோக் நீ, ஜாலான் துருஸ் ஆகியவற்றின் அருகே ஜாலான் டோபி என்றொரு குறுந்தெரு உள்ளது. இந்தியச் சலவைத் தொழிலாளர் அங்கே கடை வைத்திருந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. இன்று அங்குச் செல்வோர் காப்பிக் கடைகளையும் சுவரோவியங்களையும் காண்பர்; நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். பெயர்ப்பலகையில் உள்ள அந்தச் சொல் மட்டும் பழைய தொழிலைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

'டோபி' என்பது இந்திச் சொல். கழுவுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. அது மலாய் மொழியில் கலந்து, இன்று நாடெங்கும் 'டோபி' என்றாலே சலவைக் கடை என்று பொருள்படும் அளவுக்கு நிலைத்துவிட்டது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், பிராஸ் பாசா ஆற்றின் கரையில் இந்தியத் தொழிலாளர் துணி வெளுத்த இடம் டோபி காட் ஆயிற்று. 1987ஆம் ஆண்டு அங்கே பெருவிரைவு இரயில் நிலையம் திறக்கப்பட்டபோது அதற்கும் அப்பெயரே அமைந்தது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரைக் குடியிருப்பைத் தமிழர் 'வண்ணான் துறை' என்றே வழங்கினர்.

தமிழகத்திலும் இதே கதைதான். சென்னையின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கும்பெனியார் ஏற்றுமதி செய்த பருத்தித் துணிகளை வெளுத்துக் கொடுத்த மக்களால் பெயர் பெற்றது. ஐரோப்பியர் விரும்பி வாங்கிய வெண்துணி தறியிலிருந்து இறங்கியவுடன் வெள்ளையாக இருப்பதில்லை. பழுப்பு நிறத் துணியை வெண்மையாக்கியவர்கள் வண்ணார்களே. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலும் சுரங்க இரயில் நிலையம் திறக்கப்பட்டது. இரண்டு நாடுகளில் இரண்டு இரயில் நிலையங்கள் துணி வெளுத்தவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

களர்நிலத்துக் கிணறு

இத்தொழிலின் தொன்மையை அறியச் சங்க இலக்கியத்துக்குச் செல்ல வேண்டும். புறநானூற்றின் 311ஆம் பாடலில் ஔவையார், நாள்தோறும் துணி வெளுக்கும் பெண் ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். அவள் துவைப்பதற்குக் கிணறு தோண்டிய இடம் களர்நிலம். பயிர் விளையாத உவர் நிலத்தில் எதற்காகக் கிணறு தோண்ட வேண்டும்?

விடை வேதியியலில் இருக்கிறது. உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் முதலிய காரப்பொருள்கள் கலந்துள்ளன. அவை துணியில் ஏறிய வியர்வை, எண்ணெய் ஆகியவற்றின் கொழுப்போடு சேர்ந்து அதைக் கரைத்து நீக்கும். சவர்க்காரக் கட்டி இல்லாத காலத்தில் நிலமே சவர்க்காரமாக இருந்தது. அச்சொல்லே இதற்குச் சான்று: சவர் என்றாலும் உவர் என்றாலும் பொருள் ஒன்றே. உழவனுக்கு உதவாத நிலம் எவருக்கு உதவும் என்று அந்தப் பெண் அறிந்திருந்தாள்.

குறுந்தொகையின் 330ஆம் பாடலிலோ, துணியைப் பசையில் தோய்த்தெடுத்துக் குளிர்ந்த குளத்தில் அலசும் பெண் வருகிறாள். ஆக, கஞ்சி போடும் வழக்கமும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது.

பிற்காலத்தில் இம்முறைகள் மேலும் செம்மை பெற்றன. அழுக்குத் துணிகளை முதலில் பிரிப்பர். வெள்ளை தனி, சாயத்துணி தனி, பட்டு தனி. வெள்ளைத் துணியை உவர்மண் நீரில் நனைத்து, வெள்ளாவிப் பானையில் அடுக்கி, இரவு முழுவதும் நீராவியில் வேகவிடுவர். விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரிப்பர். பின்னர் நீலம், அதன்பின் கஞ்சி, இறுதியாகத் தேங்காய்ச் சிரட்டைக் கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டி. பருத்தி கொதிநிலையைத் தாங்கும், வெந்தால் வெளுக்கும். பட்டு காரத்தையும் தாங்காது, கொதியையும் தாங்காது. இதை அறியாமல் ஒரு முறை தவறினால் ஒரு குடும்பத்தின் கூறைப்புடவை பாழ்.

ஆசிரியர்களாகிய நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அதுதான் வண்ணான் குறி. நூறு வீட்டுத் துணிகள் ஒரே வெள்ளாவியில் வேகும்போது எது எவருடையது என்று எப்படித் தெரியும்? சேராங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் புள்ளி, கோடு, வளைவு எனச் சிறு குறிகள் இடுவர். அச்சாறு கறுத்து, எத்தனை முறை வெளுத்தாலும் அழியாது நிற்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாமல் தடுக்கப்பட்ட மக்கள் தமக்கென ஓர் எழுத்துமுறையை வகுத்துக்கொண்டனர் என்றே நான் இதைக் காண்கிறேன். அதே சாறு பட்டுச் சிலருக்குத் தோலில் கொப்புளம் கண்டதும் உண்டு. அவர்தம் கைகள் அன்றாடம் அதைத் தொட்டுக்கொண்டிருந்தன என்பதையும் நினைக்க வேண்டும்.

அழுக்கை நீக்கியவர்க்கு நாம் செய்தது என்ன?

இவ்வளவு அறிவு உடையோரைத் தமிழ்ச் சமுதாயம் எவ்வாறு நடத்தியது? பிறர் அழுக்கைத் தொடுகின்றனர் என்ற காரணம் காட்டித் தாழ்த்தியது. திருமணத்திலும் இழவிலும் அவர்கள் துணி விரிக்காமல் ஊர் நடவாது. ஆயினும், பந்தியில் அவர்களுக்கு இடமில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கொடியது. இமையம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கோவேறு கழுதைகள்' என்னும் புதினம் அவ்வாழ்க்கையைத் தமிழுலகின் கண்முன் நிறுத்தியது.

பெரியபுராணம் போற்றும் அறுபத்து மூவரில் ஒருவரான திருக்குறிப்புத்தொண்ட நாயனார் காஞ்சியில் வாழ்ந்த வண்ணார். மாலைக்குள் உலர்த்தித் தருவதாக வாக்களித்து ஒரு முதியவரின் கந்தையை வாங்கித் துவைத்தார். மழை பிடித்துக்கொண்டது, வெயில் வரவேயில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துணி துவைக்கும் கல்லில் தம் தலையை மோதினார். அக்கல்லினின்று இறைவனின் கை எழுந்து தடுத்தது என்பது வரலாறு. கோயிலில் அவரைக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்ததும் அவர் தொழிலைச் சொல்லிப் பிறரை ஏசும் வழக்கம் நம்மிடம் இன்றும் முற்றாக ஒழியவில்லை. பள்ளித் திடலில் பிள்ளைகள் வாயிலும் அச்சொல் வசையாக வருகிறது. அதைப் பிள்ளைகள் எங்கிருந்து கற்றனர்? வீட்டிலிருந்துதானே!

தூய்மையின் பெயரால் மனிதரைப் பிரிக்கும் எண்ணம் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று. 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரில், தானியங்கிச் சலவைக் கடை ஒன்று முஸ்லிம்கள் மட்டுமே அங்கே துவைக்கலாம் என அறிவிப்பு வைத்தது. அப்போது ஜொகூர் சுல்தானாக இருந்தவரும், 2024ஆம் ஆண்டு ஜனவரியில் மாமன்னராகப் பொறுப்பேற்றவருமான மாட்சிமை தங்கிய சுல்தான் இப்ராகிம் அச்செயலைக் கண்டித்து, உடனே நிறுத்த ஆணையிட்டார். கடையினர் மன்னிப்புக் கேட்டனர். அச்செய்தியைப் படித்து வருந்திய தமிழர்கள், நம் ஊர்த் துறைகளில் நாம் வகுத்திருந்த பிரிவினைகளையும் ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தொழிலை மாற்றிய செயற்கை இழை

20ஆம் நூற்றாண்டில் இத்தொழிலைப் பல மாற்றங்கள் தாக்கின. முதல் உலகப் போரின்போது கொழுப்புத் தட்டுப்பாட்டால் ஜெர்மனியில் சவர்க்காரத்துக்கு மாற்றாகச் செயற்கைச் சலவைப்பொருள் உருவாக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டைட்' தூள் விற்பனைக்கு வந்தது. கடினநீரிலும் நுரைக்கும் அத்தகைய தூள்கள் உலகெங்கும் பரவின. வீடுதோறும் சலவை இயந்திரம் வந்தது.

இவற்றோடு துணியும் மாறியது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். பாலியெஸ்டர் சட்டைக்கு வெள்ளாவி வேண்டா, கஞ்சி வேண்டா, இஸ்திரிகூடப் பெரிதாகத் தேவையில்லை. டோபியின் கைவேலையை நாடுவோர் குறைந்தனர்.

அதே பாலியெஸ்டரும் நைலானும் இணைந்து பிறந்ததுதான் இன்றைய நுண்ணிழைத் துண்டு. 1970ஆம் ஆண்டில் ஜப்பானின் டோரே நிறுவனத்தைச் சேர்ந்த மியோஷி ஒகமோட்டோ மிக நுண்ணிய செயற்கை இழைகளைக் கொண்டு மான்தோல் போன்ற மென்துணியை உருவாக்கினார். அது 'அல்ட்ராசூட்' எனப் புகழ்பெற்றது. பின்னர் மூக்குக் கண்ணாடி துடைக்கவும், தரை துடைக்கவும், மகிழுந்து துடைக்கவும் நுண்ணிழைகள் பயன்படலாயின.

எவ்வளவு நுண்மை? 9,000 மீட்டர் நீள இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை 'டெனியர்' என்பது கணக்கு. நுண்ணிழை ஒரு டெனியருக்கும் குறைவானது. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நம் ஜொகூர் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். அப்பாலத்தைப்போல் எட்டரை மடங்கு நீளமுள்ள இழை ஒரு கிராம்கூட இராது! மாணவர்களுக்கு இப்படிச் சொன்னால் கணிதமும் புரியும், வியப்பும் உண்டாகும்.

துண்டின் இழையில் பொதுவாக 80 விழுக்காடு பாலியெஸ்டரும் 20 விழுக்காடு பாலிமைடு எனப்படும் நைலானும் இருக்கும். 70, 30 என்ற அளவிலும் உண்டு. ஆலையில் இவ்விழையைக் காரநீரில் இட்டும் பிற வழிகளிலும் பல கூறுகளாகப் பிளக்கின்றனர். களர்நிலத்துப் பெண் கையாண்ட காரத்தின் உறவினம் இங்கும் வேலை செய்கிறது. பிளந்த கூறுகளின் இடைவெளிகளில் நீரும் தூசியும் ஏறிக்கொள்வதால்தான் இத்துண்டு நன்றாகத் துடைக்கிறது. அந்த இடைவெளியைக் காப்பதே பராமரிப்பின் சாரம்.

பழைய பாடம், புதிய துண்டு

இனி, பெற்றோர்க்குப் பயன்படும்படி துவைக்கும் முறையைப் பழைய தொழிலோடு ஒப்பிட்டுக் கூறுகிறேன்.

முதலாவது, பிரித்தல். நுண்ணிழைத் துண்டைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. பருத்தியிலிருந்து உதிரும் பஞ்சு இழைகளில் சிக்கிக்கொள்ளும்; அடுத்த முறை துடைக்கும்போது வண்டியெங்கும் ஒட்டும். மகிழுந்தின் மேற்பூச்சைத் துடைத்த துண்டும் சக்கரம் துடைத்த துண்டும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. சக்கரத்தில் படியும் தூளில் நுண்ணிய இரும்புத் துகள் இருக்கும். அது துண்டில் தங்கினால் பூச்சில் கீறல் விழும்.

இரண்டாவது, குறியிடல். பூச்சுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று துண்டுகளை வைத்துக்கொள்வது நலம். சேராங்கொட்டைக் குறி செய்த வேலையை இங்கே நிறம் செய்கிறது. தரையில் விழுந்த துண்டில் மணல் ஏறியிருக்கும் என்பதால், அதைச் சக்கரத் துண்டுகளோடு சேர்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஊறவைத்தல். மெழுகு துடைத்த துண்டை அப்படியே காயவிட்டால் மெழுகு இழைகளுக்குள் இறுகிவிடும். அன்றே வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும்.

நான்காவது, சூடு. பருத்தியை வேகவைத்து வெளுத்த முறை இங்கே பொருந்தாது. பாலியெஸ்டர் உருக 250 பாகை செல்சியஸ் வேண்டும் என்பது உண்மையே. எனினும் 70, 80 பாகையிலேயே அதன் இறுக்கம் தளரத் தொடங்கும். கொதிநீரும் சூடு மிகுந்த உலர்த்தியும் நுண்ணிழைகளை வளைத்து முரடாக்கிவிடும். 40 பாகை அளவிலான நீரே போதும்.

ஐந்தாவது, மென்மையூட்டி. இதில்தான் பலர் தவறுகின்றனர். துண்டு மென்மையாக இருக்கட்டும் என்று நறுமண மென்மையூட்டியை ஊற்றுகின்றனர். கஞ்சி எவ்வாறு பருத்தி நூலின்மேல் படலமாகப் படிந்து விறைப்பைத் தருகிறதோ, அவ்வாறே மென்மையூட்டியும் இழையின்மேல் படலமாகப் படிந்து வழவழப்பைத் தருகிறது. உடுக்கும் துணிக்கு அது அழகு. துடைக்கும் துணிக்கோ அது அடைப்பு. இடைவெளிகள் மூடப்பட்டால் நீரை உறிஞ்சாமல் வெறுமனே தள்ளிக்கொண்டு போகும். குளோரின் கலந்த வெளுப்பானும் வேண்டா; அது நைலானை அரிக்கும். சலவைத்தூள் கரையாமல் துண்டில் தங்கக்கூடும் ஆதலால், சலவைநீர்மத்தைச் சிறிதளவு சேர்த்து நன்கு அலசுவது நன்று.

ஆறாவது, உலர்த்தல். ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது ஜொகூரில் துணி உலர்வது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். உதறி, காற்றோட்டமுள்ள நிழலில் விரித்து, முற்றும் காய்ந்தபின் மூடியுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். இவ்வாறு பேணினால் ஒரு துண்டு நெடுங்காலம் உழைக்கும்.

துறையும் ஆறும்

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செயற்கை இழைத்துணியைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குப் புலப்படாத இழைத்துகள்கள் நீரில் கலக்கின்றன. 2011ஆம் ஆண்டில் மார்க் பிரவுன் என்பாரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆடையை ஒரு முறை துவைக்கையில் 1,900க்கு மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும் எனக் கண்டனர். அவை மட்குவதில்லை, கடலைச் சேர்கின்றன.

2019ஆம் ஆண்டு மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது பள்ளிகள் மூடப்பட்டதையும் பிள்ளைகள் மருத்துவமனைக்குச் சென்றதையும் நாம் மறந்திருக்க முடியாது. துண்டின் இழைத்துகள் அத்தகைய உடனடிக் கேடு அன்றுதான். ஆயினும், நாம் வெளியேற்றும் எதுவும் இறுதியில் ஆற்றைச் சேரும் என்பதே இரண்டுக்கும் பொதுவான பாடம். தேவைக்கு அதிகமாகத் துண்டுகளை வாங்கிக் குவிக்காமை, நிறைய சேர்த்து ஒரே முறையாகத் துவைத்தல், சூட்டைக் குறைத்தல் ஆகியவை நம்மால் இயன்றவை. ஆற்றை நம்பிப் பிழைத்த வண்ணாருக்குத் தெளிந்த நீரின் அருமை நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியர்களே, பழமொழியைக் கற்பிக்கும் நாளில் மாணவர்களிடம் ஒரு நுண்ணிழைத் துண்டையும் ஒரு பருத்தித் துண்டையும் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் சில சொட்டு நீர் விட்டு உறிஞ்சுவதைப் பார்க்கட்டும். மென்மையூட்டியில் தோய்த்து உலர்த்திய துண்டிலும் விட்டுப் பார்க்கட்டும். பின்னர் களர்நிலத்துக் கிணற்றையும் சேராங்கொட்டைக் குறியையும் எடுத்துச் சொல்லுங்கள். மொழிப்பாடம், அறிவியல், வரலாறு மூன்றும் ஒரே வேளையில் நிறைவேறும்.

பெற்றோர்களே, ஜாலான் டோபிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது அப்பெயர்ப்பலகையின் பொருளைச் சொல்லுங்கள். மகிழுந்து கழுவும் கடையில் துண்டைப் பிழிந்துகொண்டிருக்கும் தொழிலாளியைப் பிள்ளைகளின் முன்னிலையில் மரியாதையோடு அழையுங்கள். வீட்டில் தம் துணியைத் தாமே துவைக்க ஆணும் பெண்ணும் கற்கட்டும். எவரேனும் ஒரு பிள்ளை 'வண்ணான்' என்பதை வசையாகச் சொன்னால், அடக்கிவிட்டு மட்டும் விடாதீர்கள். அத்தொழில் எத்தகைய அறிவு என்பதை விளக்குங்கள். தொழிலின் அருமை தெரிந்த பிள்ளை அதன் பெயரை வசையாக்க மாட்டான்.